வைகாசி இருந்த இடம்

லினக்ஸை ஏற்றும் வேலை மூன்றாவது முறையும் அதே இடத்தில் வந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கின் கடைசியில் எழுபது ஜிபி காலியாகக் கிடக்கிறது. அதன்மேல் சுட்டியை வைத்தால், இது உதவாது என்று ஒற்றை ஆங்கிலச் சொல்லைக் காட்டிவிட்டு லினக்ஸ் கையைக் கட்டிக்கொள்கிறது.

"காலியா இருக்குதுன்னும் நீயே சொல்ற, வைக்க முடியாதுன்னும் நீயே சொல்ற. பேஜாரு புடிச்ச மிஷினு!" பவானி மானிட்டரைப் பார்த்தே சண்டை போட்டாள்.

செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் அவளுக்கு எம்.ஃபில். வாய்மொழித் தேர்வு. புராஜெக்டை லினக்ஸில் ஓட்டிக் காட்டினால்தான் கையெழுத்து என்று வழிகாட்டி கறாராகச் சொல்லிவிட்டார். சமைத்து, பாத்திரம் கழுவி, ஸ்டுடியோவில் ஆல்பத்துக்குப் பசை தடவி, அதற்கு நடுவில் இரண்டு வருடம் படித்த படிப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. திண்டிவனத்தில் கணவன் வெற்றிச்செல்வன் வைத்திருந்த ஸ்டுடியோவில் இருப்பதுதான் ஒன்றே ஒன்று. ஆடி மாதமாகையால் கல்யாணமில்லை, மிஷின் சும்மாதான் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அவன்தான் பெரிய மனசு பண்ணியிருந்தான்.

மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் சங்கதி புரிந்தது. இந்த மாதிரி டிஸ்க்கில் 'பிரைமரி' என்ற வகைப் பகுதி நான்குதான் போடலாம். நாலும் நிரம்பிவிட்டால் மிச்சம் எவ்வளவு கிடந்தாலும் ஐந்தாவது ஒன்று முளைக்காது. வெற்றி நாலையும் தீர்த்துவிட்டிருந்தான். சி-யில் விண்டோஸ். அடுத்த மூன்றும் தை, வைகாசி, ஆவணி. எந்த மாத முகூர்த்தமோ அந்தப் பகுதியில் அந்தக் கல்யாணம். அவன் தொழில் நடத்தும் முறை அது.

"எல்லாத்தையும் ஏங்க பிரைமரின்னு போட்டீங்க? எக்ஸ்டெண்டட்னு ஒண்ணு கேட்டிருக்குமே, அதுக்குள்ள எத்தினி வேணா போட்டிருக்கலாமே?"

"கேட்டுச்சு. பிரைமரின்னா மொத மரியாதை. ஜனங்க நம்பி ஒப்படைக்கிற கல்யாணம். அதப் போயி ரெண்டாம்பட்சமா வைப்பாங்களா?"

பவானி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோபத்திலும் சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. நகலெடுத்து வைக்கலாமென்றால் மற்ற பகுதிகளில் இடமில்லை, டிவிடி ரைட்டரோ ஆறு மாதமாகப் படிக்க மட்டும்தான் செய்கிறது, எழுதுவதில்லை. பகுதிகளைச் சுருக்கி நகர்த்தலாம். நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் போகும், யுபிஎஸ்ஸோ ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஒன்றை அழித்தே ஆகவேண்டும். தையிலும் ஆவணியிலும் ஆல்பம் முடியாத கல்யாணங்கள் பாதிக்குப் பாதி. வைகாசியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். போன வருடத்துக் கோலியனூர் கல்யாணம், பெண் கலைப்பிரியா. படமும் வீடியோவுமாக இருபத்தாறு ஜிபி.

"அது வேணாம்" என்றான் வெற்றி.

"ஒரு வருஷமாச்சு. யாராவது வந்து கேட்டாங்களா?"

"கேட்கலதான்."

ஏன் கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். போன ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்த பெண், ஆவணி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வந்து கூப்பிடவில்லை. "ஒருநாள் சேர்ந்துட்டாங்கன்னு வையி. ஆல்பம் எங்கன்னு கேட்டா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றான் அவன். அந்த நம்பிக்கைக்கு இருபத்தாறு ஜிபி. தன் படிப்புக்கு இந்த ஆள் பத்து ஜிபி ஒதுக்கவில்லையே என்று நினைத்தாள் பவானி. ஆர்டர் நோட்டைப் புரட்டி, அதிலிருந்த பெண்வீட்டு நம்பருக்கு அவளே போன் போட்டாள்.

நாலு மணி வாக்கில் கலைப்பிரியா பஸ் பிடித்து வந்துவிட்டாள். படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அழிச்சிடுங்கக்கா. அதுக்கு முன்னாடி எங்கப்பா படம் ஒண்ணு இருந்தா குடுங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில சேர்த்து ஒம்பதே நாள்ல போயிட்டாரு. வீட்ல மாட்ட ரேஷன் கார்டு போட்டோதான் இருக்குது."

இதை பவானி எதிர்பார்க்கவில்லை. லினக்ஸ் டிவிடியை வெளியே எடுத்தாள், விண்டோஸ் திரும்பி வந்தது. ஆயிரத்து நானூறு படங்கள். பெண்ணின் தகப்பன் ஒரு கல்யாணத்தில் எங்கே இருப்பாரோ அங்கேயெல்லாம் இருந்தார். பந்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலில் பாதித் தலையாக, மேடை ஓரத்தில் யாருக்கோ நாற்காலி தூக்கிக்கொண்டு. நேராக ஒன்றுமில்லை.

"இன்னா போட்டோ எடுத்தீங்க நீங்க? பொண்ணப் பெத்தவர ஒருதரம் நிக்க வச்சிருக்கக் கூடாது?" பவானி கணவன்மேல் பாய்ந்தாள்.

"நின்னாத்தானே? மனுஷன் ஓடிக்கினே இருந்தாரு" என்றான் வெற்றி, குரல் இறங்கி.

ஆயிரத்து நூறைத் தாண்டியபோது அது வந்தது. விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் சும்மா அழுத்திய படம். சமையல்கட்டுக்குப் பின்னால் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தோளின்மேல் ஒரு கை. மோதிரமும், மணிக்கட்டில் கங்கணமுமாக. முகம் படத்துக்கு வெளியே இருந்தாலும் யாருடைய கை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கையை நீக்க வெற்றி வெட்டும் கட்டத்தைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். விரலை விட்டு வெட்டினால் தோளும் சேர்ந்து போனது. தோளை வைத்தால் விரல்கள் நின்றன.

"வெட்டாதீங்கண்ணா" என்றாள் கலைப்பிரியா. "அந்தாளு ஏதோ சொல்லித்தான் அப்பா சிரிக்குது. அன்னிக்கி அது நெசந்தான்."

அவன் அச்சுக்குக் கொடுத்தான். பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தான். பவானி மறுபடியும் லினக்ஸ் டிவிடியைப் போட்டாள். லினக்ஸில் தை, வைகாசி என்ற பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். இரண்டும் ஒரே அளவு வேறு. இருபத்தாறு நிரம்பியது எது என்று மூன்றுமுறை சரிபார்த்தாள். அழிப்பதற்கான பொத்தானில் சுட்டியை வைத்தவள், கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ அழுத்துறியாம்மா?"

கலைப்பிரியா வெற்றியைப் பார்த்தாள். அவன் பிரிண்டர் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவள் குனிந்து அழுத்தினாள்.

திரையில் டிஸ்க்கைக் காட்டிய கோட்டின் நடுவில் ஒரு துண்டு வெளுத்தது. கடைசியில் கிடந்த எழுபதும் இப்போது உதவும் இடமாகியிருந்தது. பவானி அளவுகளைக் கீபோர்டில் தட்டினாள், லினக்ஸ் ஏறத் தொடங்கியது. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் குறைவது போலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. மூவரும் ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு சதவீதம். மூன்று. ஸ்டூலில் கலைப்பிரியா, மை காயாத படத்தை இரண்டு ஓரங்களில் பிடித்துக்கொண்டு, மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.