பழைய பலகையில் ஓர் 'ஆமாம்'

போன தேர்தலில் மாநிலமே வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. நெடுங்காலம் சிறையில் கிடக்கும் நோயாளிகள் விடுதலை கேட்டு மனுப் போடலாம். அப்போது ஹாலிஸ் வீட்டு வாசல் புல்வெளியில் ஒரு பலகை நட்டான்: 'ஆமாம் போடுங்கள். டார்சி வீட்டுக்கு வரட்டும்.' டார்சி, அவன் மனைவி ஆர்லெட்டாவின் தம்பி. நுரையீரல் பாதி போனவன்.

சட்டம் வென்றது. டார்சியின் மனு வரிசையில் நிற்கும்போதே, பிடிக்காதவர்கள் கையெழுத்துத் திரட்டி அதே சட்டத்தை மறுபடி வாக்குக்கு இழுத்துவந்தார்கள். எங்கள் பியூப்லோ ஊர் மக்களுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நல்ல பலகையை வீணாக்குகிறவன் இல்லை ஹாலிஸ். கார் நிறுத்தும் கொட்டகையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி நட்டான். தெருவே அன்பாகத் தலையாட்டியது.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு எர்லிண்டா பச்சை மிளகாய்க் குழம்போடு வந்தாள். தபாலில் வந்த வாக்குச்சீட்டில் வீட்டில் எல்லாரும் 'ஆமாம்' போட்டு, வாக்குப் பெட்டியில் சேர்த்தாயிற்றாம். தேவாலயத்துப் பெண்களையும் போடவைத்தாளாம். சீட்டிலிருந்த கேள்வியைப் படித்தாளா என்று ஹாலிஸ் கேட்டான்.

"அதப் படிக்க ஒரு மூச்சு பத்தாது, ஹாலிஸ். ஒம் பலகையப் பாத்தேன், கட்டத்த அடைச்சேன்."

அவள் போனதும் ஆர்லெட்டா தங்கள் வாக்குச்சீட்டைப் பிரித்தாள். கேள்வி கால் பக்கம், ஒரே வாக்கியம். பாதியில் அவள் குரல் இறங்கியது.

"சட்டத்த நீக்கலாமான்னு கேக்குறாங்க. ஆமாம்னா நீக்கிருவாங்க."

ஹாலிஸ் குழம்பை ஒரு வாய் வைத்தான். காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

பெட்டியில் போட்டது திரும்பாது. மிச்சமிருப்பவர்களையாவது பிடிக்கலாமென்று, பெயின்ட் எடுத்து 'ஆமாம்' என்பதை அடித்து 'வேண்டாம்' என்று எழுதினான். எர்லிண்டாவிடம் சொல்ல ஆர்லெட்டாவுக்கு வாய் வரவில்லை. ஞாயிறு காலை, நாயோடு நடந்த எதிர்வீட்டுக்காரர் பலகையைப் பார்த்துப் பதறி நின்றார். ஹாலிஸ் வாயைத் திறப்பதற்குள் தோளைத் தட்டினார்.

"எந்தப் பொறுக்கியோ ஒம் பலகையக் கெடுத்துட்டான்பா. கவலப்படாத. இப்பதான் பெட்டியில போட்டுட்டு வர்றேன். நாங்க ஆமாம்தான்."

மத்தியானம் சிறையிலிருந்து டார்சி பேசினான்.

"தெரு எப்பிடி மச்சான்? நம்ம பக்கமா?"

ஹாலிஸ் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் ஒம்மேல கொள்ளப் பிரியம்டா" என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அப்ப எங்க அக்காவ அந்தப் பின்ரூமச் சுத்தம் பண்ணிவைக்கச் சொல்லு" என்று டார்சி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நேரம் முடிந்து இணைப்பு அறும்வரை ஓயவில்லை.