கேசிகாவின் மூன்று நாள்

நான் நல்ல பிள்ளை என்று அம்மா இத்தாலியின் பலெர்மோ நகர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். அவருக்கு இந்தக் கதை தெரியாது. நடந்து நான்கு வருடமாகிவிட்டது. பிறகு உண்மையைச் சொன்னேன், அழுதேன், என் தோட்டச் சாவியையும் திருப்பிக் கொடுத்தேன். அப்படியும் மனம் ஆறவில்லை.

அப்போது எங்களுக்குப் பதின்மூன்று வயது. அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்முற்றம் வெறும் சீமெந்துதான். வெயில் காலத்தில் அதில் நின்றால் சப்பாத்து சுடும். அதன் ஒரு பக்கத்தை உடைத்து, ஆறு பேர் சேர்ந்து தோட்டம் போட்டோம். பல்லாரோ சந்தையில் எறியும் மரப்பெட்டிகளைப் பொறுக்கிவந்து பாத்தி கட்டினோம். அங்கே அழுகிக் கிடக்கும் மரக்கறியை மக்கவைத்து உரமாக்கினோம். விளைந்ததை வெள்ளிக்கிழமைகளில் படி இறங்க முடியாத கிழவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். நாங்கள் நிரப்பிவிட, இழுத்துக்கொள்வார்கள். நான்காம் மாடி சிஞோரா மரியாவின் கூடைதான் எப்போதும் முதல் கூடை.

ஆறு பேரில் இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். நான், என் சிநேகிதி எமிலியானா, கேசிகா.

கேசிகா கிளிநொச்சியிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். மந்தமான பிள்ளை என்று ஆசிரியர்களே நினைத்தார்கள். தோட்டத்துக்குள் வந்தால் அவள்தான் எஜமானி. மண்ணில் பெருவிரலை அழுத்திப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பாள், நாங்கள் வாளியைக் கீழே வைப்போம். கம்பிவேலியில் நீட்டுச் சுரையைப் படரவிட்டவள் அவள்தான். அதன் கொழுந்தைத் தெனெருமி என்று சொல்லி இங்கே சூப்பு வைப்பார்கள். அவள் கிள்ளிக் கொடுத்த கொழுந்துக்குத்தான் சிஞோரா மரியா வெள்ளிக்கிழமை காலையிலேயே பால்கனியில் வந்து நிற்பார். அந்தத் தோட்டத்தை விட்டால் கேசிகாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சொந்தமென்று ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஜூனில் பள்ளி மூடியதும் ஆளுக்கு மூன்று நாள் என்று தண்ணீர் விடும் முறை வைத்தோம். சொல்லாமல் முறையைத் தவறவிட்டால் தோட்டச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அந்தச் சட்டத்தைக் கருவிகள் வைக்கும் அலுமாரிக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவள் நான்தான். ஊருக்குச் சட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி.

ஜூலையில் ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சிரொக்கோ என்ற வெக்கைக் காற்று வீசத் தொடங்கியது. கேசிகாவின் முறை தொடங்கும் அன்று காலை என் போனுக்கு அவளுடைய குரல் பதிவு வந்தது.

“வேணு, எனக்கு இண்டைக்கு வந்திட்டுது. மூண்டு நாளைக்குத் தோட்டத்துக்குள்ள போகேலாது. எனக்குப் பதிலா நீ தண்ணி விடுறியே? உனக்கு விளங்கும்தானே.”

விளங்கியது. அந்த நாட்களில் செடிகொடியைத் தொடக்கூடாது, தொட்டால் கருகிவிடும் என்பது எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம். எங்கள் பால்கனிக் கறிவேப்பிலைச் சாடிக்குக் கிட்டப் போனாலே அம்மா அதட்டுவார். நான் களவாகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலை தன் பாட்டில் தளிர்த்தது. கேசிகா அப்படிச் சோதித்துப் பார்க்கிறவள் இல்லை. அவள் வளர்த்த சுரைக்கொடி அவளாலேயே கருகிவிடக் கூடாது என்று உண்மையாகவே பயந்தாள். நான் ஓம் என்று பதில் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் எமிலியானா கூப்பிட்டாள். மொந்தெல்லோ கடற்கரையில் அவர்கள் வீட்டாரோடு மூன்று நாள் தங்க வரச் சொன்னாள். ஒரு இத்தாலிய வீட்டிலிருந்து என்னை அழைத்தது அதுதான் முதல்தரம். கார் வேறு வாசலில் நின்றது. ஒரு நாளில் செடி செத்துவிடாது என்று ஏறினேன். அடுத்த நாள், இரண்டு நாளிலும் செத்துவிடாது என்றேன். நான் மறக்கவில்லை. தண்ணீருக்குள் மிதந்துகொண்டு சுரைக்கொடியைத்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டே மிதந்தேன். கேவலம் அதுதான்.

நான்காம் நாள் ஆறு பேரும் கதவைத் திறந்தோம். தக்காளி தலை தொங்கிக் கிடந்தது. வேலியில் கை வைத்தால் சுரை இலை அப்பளம் போல நொறுங்கியது. எமிலியானா அழுதாள். அட்டவணையில் கேசிகாவின் பெயர் இருந்ததால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பதறவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீயே சொல்லு, வேணு. இதை அவையளுக்குச் சொல்ல எனக்குத் தெரியாது.”

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்றால் சிரிப்பார்களோ என்று ஒரு வெட்கம். நான் ஓம் என்று சொல்லிவிட்டுக் கடலில் கிடந்தேன் என்றால் எமிலியானா இனி என்னைக் கூப்பிடுவாளா என்று ஒரு பயம். இத்தாலிய மொழியில் சொன்னேன், கேசிகா தன் முறையை மறந்துவிட்டாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். என் நாக்கு அழுகிப்போகாதது ஆச்சரியம்.

கேசிகா கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அலுமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றலில்தான் வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றேன்.

மிஞ்சிய செடிகளைக் காப்பாற்றவே அந்த விடுமுறை சரியாகப் போயிற்று. கூடைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் தக்காளியும் முள்ளங்கியும் எடுத்துக்கொண்டு சிஞோரா மரியாவின் வீட்டுக்குக் கீழே போய், இத்தனை வெள்ளியும் வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் மேலிருந்தே கை விசிறினார். என்ன மன்னிப்பு, கூடை ஒரு வெள்ளியும் வெறுமையாக ஏறவில்லை, உங்கள் சின்னவள்தான் தவறாமல் கொண்டுவந்தாளே, பள்ளித் தோட்டம் அனுப்பியது என்று சொன்னாளே என்றார்.

கேசிகாவின் அப்பா பல்லாரோவில் பெட்டி சுமக்கிறவர். கடை கட்டும்போது மிஞ்சுவதை அவருக்குக் கொடுப்பார்கள். அது அவர்கள் வீட்டுக் கறிக்கு வரும் மரக்கறி.

நேரே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கேசிகா வாசலுக்கு வந்தாள். இத்தாலிய மொழியில் நான் மாற்றிச் சொன்னதை மூச்சு வாங்க ஒப்புக்கொண்டேன்.

“அண்டைக்கே விளங்கினது,” என்றாள். “அவ்வளவு இத்தாலி எனக்குத் தெரியும். நீ கடலில நிண்ட படத்தையும் எமிலியானா போட்டவள். பிறகுதான் பார்த்தனான்.”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஓம் என்று எழுதியது உன் போனில் இருந்ததே, அதைக் காட்டியிருந்தால் போதுமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

அவள் என்னை விளங்காதவள் போலப் பார்த்தாள்.

“காட்டியிருந்தா உன்ர சாவியை வாங்கியிருப்பினம். மற்றவை எல்லாம் ஆகஸ்டில ஊருக்குப் போற ஆக்கள். பிறகு எனக்கு வாற மூண்டு நாளும் மிச்சச் செடிக்கு ஆர் தண்ணி விடுறது?”