அம்மன் ஊற்றுக்கு மேலே

"கொதிக்க வைக்காத தண்ணிய ஏம்மா புள்ளைக்குக் குடுத்தீங்க? எத்தன தடவ சொல்றது?"

"மத்த தண்ணின்னா கொதிக்க வைப்போம் மிஸ். இது அம்மன் தண்ணி. அத யாராச்சும் அடுப்புல ஏத்துவாங்களா?"

"அப்ப மஞ்சக்காமால எப்பிடி வந்துச்சாம்?"

"அம்மாவ இழுக்காதீங்க மிஸ், சொல்லிட்டேன்!"

வார்டுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த சிவசாமிக்கு இரண்டு குரலும் கேட்டது. ஒன்று நர்ஸ். மற்றது அவன் மனைவி சுதர்ஷினி. உள்ளே அவர்கள் மகள் தனுஷிகா கண்ணெல்லாம் மஞ்சளாகி, வாந்தி எடுத்துக் களைத்துக் கிடந்தாள். சம்பளம் தரும் ஆஸ்பத்திரிக்காகப் பேசுவதா, பெண்டாட்டிக்காகப் பேசுவதா என்று தெரியாமல் துடைத்த இடத்தையே துடைத்தான்.

அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த மூன்றாவது பிள்ளை அவள். நாளைக்கும் இப்படியே இருந்தால் டிக்கோயா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார் டொக்டர். தண்ணீரைப் பார்த்து வரச் சொல்லி சுகாதாரப் பரிசோதகர் அந்தோனிமுத்துவை அனுப்பினார். வழிகாட்ட சிவசாமி போனான்.

போகும்போது அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த ஊற்றைக் கண்டுபிடித்தவனே அவன்தான். போன வறட்சியில் லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலி சொட்டுக்கூட இல்லாமல் நின்றபோது, காட்டுக்குள் ஒரு பாறையடியில் மட்டும் தண்ணீர் குறையாமல் வந்தது. குழாய் போட்டு லயத்துக்கு இறக்கினான். சனம் பாறையோரம் கல் நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டியது. சில காலைகளில் தண்ணீர் நுரைத்து வரும். அம்மா பால் பொங்குறா என்று பெண்கள் குலவை போடுவார்கள். அந்த நுரைத்தண்ணீரில் முதல் தம்ளர் பிள்ளைகளுக்கு.

"கல்லுக்கு மேல ஏறிப் பாக்கணும் அண்ணே," என்றார் அந்தோனிமுத்து, ஊற்றடிக்கு வந்ததும்.

"மேல நாங்க கால் வைக்கிறதில்லீங்க ஐயா. அம்மா இருக்கிற எடம்."

"புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு."

சிவசாமி செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினான்.

முதலில் வந்தது வாசனை. தினமும் அவன் கையில் ஒட்டியிருக்கிற தரைமருந்து வாசனை. தன் கைதான் நாறுகிறது என்று சட்டையில் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. மானாப்புல்லில் ஒரு ரப்பர் கையுறை சிக்கிக் கிடந்தது. அதற்கும் மேலே வெடித்துப்போன சிமெந்துக் கழிவுத் தொட்டி. வெடிப்பு வழியாக நுரை ஒழுகியது. தொட்டிக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கொடியில் பச்சை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

காலையில் அவனே உலர்த்திய விரிப்புகள்.

அவன் வேலைக்கு வரும் பஸ் மலையைச் சுற்றி அரைமணி நேரம் போகும். தான் வேலை செய்கிற இடம் தன் லயத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. தினமும் காலையில் வார்டைக் கழுவி, வாளித் தண்ணீரைக் கழிவுக் கானில் ஊற்றுவது யார்? அவன். கீழே பால் பொங்கியதும் அந்த நேரம்தான்.

தொட்டியின் வெடிப்பை இரண்டு கையாலும் பொத்தப் பார்த்தான்.

"ஐயோ ஆண்டவரே," என்றார் அந்தோனிமுத்து. "கை கழுவுங்க, கொதிச்ச தண்ணி குடிங்கன்னு லயம் லயமாப் போய் சொன்னேன் அண்ணே. எங்க பின்பக்கத்த ஒருநாள் எட்டிப் பாக்கல. நோயயும் நாங்களே அனுப்பி மருந்தும் நாங்களே குடுத்திருக்கோம்." பிறகு, "டொக்டர்கிட்ட நான் பேசுறேன். பவுசர் வண்டில தண்ணி அனுப்ப வைக்கிறேன். லயத்துல நீங்கதான் சொல்லணும்," என்றார்.

"நான் சொன்னா நம்புவாங்களா ஐயா?"

கீழே லயத்தில் மணி கேட்டது. வெள்ளிக்கிழமைப் பூசை. பிள்ளைகள் குழாயடியில் தம்ளரோடு நிற்கும் நேரம். சிவசாமி விழுந்தடித்து இறங்கினான். பாறையடியில் சொருகியிருந்த குழாயை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி கல்லுக்கு மேலே ஏறி நின்றான்.

"தண்ணிய நிப்பாட்டுனது எவன்டா? பூச நேரத்துல!"

குடங்களோடு ஏறி வந்தது சனம். முன்னால் கற்பூரத் தட்டோடு, அம்மனுக்குப் பூசை செய்யும் பேச்சியம்மா. கல்லுக்கு மேலே நின்ற சிவசாமியைப் பார்த்ததும் அவள் கத்தினாள்.

"கீழ எறங்குடா பாவி!"

"அக்கா, மேல வந்து பாருங்க. ஒரு தடவ வந்து பாருங்க."

ஒருவரும் கால் எடுத்து வைக்கவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நுரை அவன் கால் விரல்களுக்கிடையே வழிந்து, கல்லின் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

வாசிக்கிறவர்களே, உங்கள் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது? ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, கண்டதைக் கீழே எழுதுங்கள்.