நாலாயிரத்தில் முள்

வண்டி உதறியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பல்லோடு பல் தட்டியது.

"சித்தப்பா, ஒரு கியர் குறைங்க. எஞ்சின் திணறுது."

"திணறல. நிதானமாப் போகுது."

எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. சாலை மேடேறியது. வேகம் முப்பத்தைந்து, கியரோ ஐந்தாவது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்தார். பார்க்க வேண்டியவர்கள் சீக்கிரம் வந்துவிடட்டும் என்று காலையில் டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அடுத்த பஸ் மதியத்துக்குத்தான். அவளே ஓட்டியிருந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் போன வாரம் சர்வீஸ் கடையில் ஜாக்கி நழுவி, வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வண்டிகளைச் சரிசெய்கிறவள், அப்பாவின் வண்டியில் மூட்டைபோல் உட்கார்ந்து போக வேண்டியதாயிற்று.

"முள்ளை நாலாயிரத்துல நிறுத்துங்க. அங்கதான் இந்த வண்டி இழுக்கும்."

"நாலாயிரத்துல கத்தும். கத்துனா பெட்ரோலைக் குடிக்குதுன்னு அர்த்தம். நாப்பதுக்குள்ள டாப் கியருக்கு வந்துடணும். உங்கப்பா சொல்லிக் குடுத்தது."

"அவர்கிட்டயும் பத்து வருஷமா இதுக்குத்தான் கத்திட்டிருக்கேன். இதுக்கு எத்தனை செயின் மாத்தியிருக்கேன் தெரியுமா?"

"அதுக்குத்தானே உனக்கு ஸ்பேனர்னு பேர் வச்சோம்."

"மாடிப்படியை மூணு மூணாத் தாண்டி ஏறச் சொன்னா உங்களுக்கு மூச்சு வாங்காதா? அதுக்கும் அப்படித்தான்."

"எனக்கு மூட்டு வலி. நான் ஏறவே மாட்டேன்."

இரண்டாவது வளைவில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. சித்தப்பா கியரைக் குறைக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினார். வண்டி குலுங்கி நின்றது. ஸ்டார்ட் செய்தார். அவசர அவசரமாக மறுபடி டாப் கியருக்குப் போனார். மறுபடி நின்றது. மூன்றாம் முறை ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி. எஞ்சினிலிருந்து அனல் அடித்தது.

"ஆறணும். தொடாதீங்க."

சாலையோரக் கட்டைச்சுவரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவரையா, இவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரையா? சித்தப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மறுபடி புறப்பட்டபோது அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபடி, முதுகில் தட்டித் தட்டிச் சொன்னாள். "மூணாவதுலயே போங்க. இப்ப நாலு. முறுக்குங்க... இன்னும்... அங்கயே வைங்க."

முள் நாலாயிரத்தில் நின்றது. உதறல் அடங்கி, வண்டி சீராக மேடேறியது. வேகம் ஐம்பத்தைந்து.

சித்தப்பா குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு, "அப்படி ஒண்ணும் கத்தலியே" என்றார். "அண்ணன்கிட்ட சொல்லணும்."

அவளுடைய வலது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. இடது கைக்கு எட்டவில்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். போன் ஓய்ந்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். உள்ளே ஒரு நர்ஸ் அப்பாவின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இன்னும் வலிக்கும் என்பதுபோல்.

"போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள் அம்மா. "தம்பி வந்துட்டானான்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் அவரே, 'நிதானமாத்தான் வருவான், போன் பண்ணி அவசரப்படுத்தாதே'ன்னு எனக்குச் சமாதானம் சொன்னாரு." இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் இவ்ளோ நேரம்?"

சித்தப்பா வாயைத் திறந்தார்.

"வளைவுல லாரி ஒண்ணு குறுக்கே நின்னுடுச்சும்மா" என்றாள் அவள்.

அம்மா உள்ளே போனாள். சித்தப்பா போகவில்லை. ஹெல்மெட் வாரைக் கழற்றப் பார்த்தார். வழியெல்லாம் உதறியதில் மரத்துப்போன விரல்கள் கொக்கியைத் தேடித் தேடி வழுக்கின.

"நிமிருங்க" என்றாள். காலையிலிருந்து இருந்த அதே எரிச்சல்தான் குரலில். இடது கையை அவர் மோவாய்க்குக் கீழே கொடுத்து அழுத்தினாள். கொக்கி உடனே விடவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி, அவள் கழற்றும்வரை, அசையாமல் நின்றார்.