கேள்வி ஞானம்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: காதால் கற்றவர்கள், கண்ணால் கற்றவர்கள். முதல் வகையினருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகையினருக்கு ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதும்.

இது என் அப்பாவின் கொள்கை. சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டே சொல்கிற கொள்கை அல்ல. பேருந்துப் பணிமனையின் வாசல் கூட்டத்தில், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, மாடியில் நின்ற நிர்வாகத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னது. கைதட்டல் அடங்கவே நேரமானதாகச் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா கைதட்டலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் அந்தப் பொருளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பணிமனையில் அப்பாவுக்குப் பெயர் காது. மரியாதை தெரிந்தவர்கள் காதண்ணே என்பார்கள். ஓடுகிற எஞ்சின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று புதிதாக வந்தவன் யாராவது வாயைக் கொடுப்பான்.

"கேக்குறேன்."

"யார்கிட்ட?"

"வண்டிகிட்டதான். பின்ன உங்கிட்டயா கேப்பாங்க?"

அப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பள்ளிக்கூடம்தான் தன்னைப் பாதியில் விட்டது என்பது அவர் கட்சி. "நமக்கெல்லாம் கேள்வி ஞானம்டா" என்று காது மடலைச் சுண்டிக் காட்டுவார். அதைச் சொல்லும்போது தாடையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்பீரம் வந்துவிடும்.

கொள்கைக்கு இப்போது என்ன அவசரம் என்றால், புதுச் சம்பள விதி. சான்றிதழ் இருந்தால் மெக்கானிக். இல்லையென்றால், எத்தனை வருஷம் கிரீஸில் குளித்திருந்தாலும், உதவியாளர். உதவியாளருக்குச் சம்பளம் இறங்கும். வேலை, மெக்கானிக் கை நீட்டும்போது ஸ்பேனரை எடுத்து வைப்பது. அப்பா விஷயத்தில் கை நீட்டப்போவது யார் என்றும் தெரிந்துவிட்டது. படித்து முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் எஞ்சினியர். மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். அதன் ஒயரை வண்டியில் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் எழுத்தாக வந்துவிடும். அப்பா அவளுக்குப் 'பெட்டி மேடம்' என்று பெயர் வைத்தார்.

"எஞ்சின் வாய்விட்டுப் பேசுது. அந்தப் பொண்ணு அதுகிட்ட, எழுதிக் குடுன்னு கேக்குது. என்ன கொடுமைடா!" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

எங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வந்தால் தெருமுனை சலூனில் தனியாகத் தொலைக்காட்சி வைக்கத் தேவையில்லை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இதைச் 'சமூக சேவை' என்று தலைப்பிட்டு எழுதிப் பேர் வாங்கினேன். அடுத்த இதழில் அம்மாவைப் பற்றி எழுதினேன். நான் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் அம்மா குறுக்கே வந்து நின்று அதையே இன்னொரு தடவை கேட்பாள்.

"அப்பா, சனிக்கிழமை வீட்ல இருப்பீங்களா?"

"சனிக்கிழமை வீட்ல இருப்பீங்களான்னு புள்ள கேக்குறான், வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

அப்பா உடனே பதில் சொல்லிவிடுவார். கணவன் மேல் உள்ள கோபத்தை மகனின் கேள்வியில் ஏற்றி அனுப்புகிறாள் என்று எழுதியிருந்தேன். நண்பர்கள் பிரமாதம் என்றார்கள்.

வாசல் கூட்டத்தில் அப்பா கொள்கையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஒலிபெருக்கி கையில் இருந்தால் யாருக்கு நிறுத்த வரும்? "காகிதத்தைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. ஒரு வண்டியைக் கொண்டாந்து நிறுத்துங்க. கண்ணை மூடிக்கிட்டு, என்ன கோளாறுன்னு சொல்றேன். சொல்லிட்டா நான் மெக்கானிக். இல்லேன்னா ஸ்பேனர் எடுத்துக் குடுக்குறேன்" என்று முழங்கிவிட்டார். நிர்வாகம் மாடியிலிருந்து, சரி என்றது.

சோதனைக்கு முதல் நாள் மாலை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"இது வேண்டாங்க. சாயங்கால வகுப்பு ஒண்ணு நடத்துறாங்களாமே, பாஸ் பண்ணா சான்றிதழ் தராங்களாம். அதுல சேர்ந்துடுங்க."

"எதுக்கு? இந்த வயசுல பெஞ்சுல உக்காந்து, கண்ணாடி மாட்டிக்கிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கவா? உன் புள்ளையே சிரிப்பான்."

சிரித்தேன். "ஏம்மா, அப்பாவுக்கா பரீட்சைன்னா பயம்?" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "பயம் அவருக்கு இல்லடா" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போனார். "வந்து பாரு. உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டானுங்க."

பணிமனைக் கொட்டகையில் ஒரு பழைய பேருந்து எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. மேலாளர், சங்கத் தலைவர், மஞ்சள் பெட்டியோடு எஞ்சினியர், சுற்றிலும் தொழிலாளிகள். பக்கத்துக் குழியில் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் தரை, தூண், நிற்கிற வண்டி எல்லாம் குளிர் காய்ச்சல் வந்தது போல நடுங்கும்.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார். பிடியைக் காதில் ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை உயர்த்தி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சைகை காட்டினார். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூச்சை இழுத்தது. நின்றுவிட்டது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்தார். நாங்கள் அப்பாவைப் பார்த்தோம். அப்பா அசையவில்லை. அவருடைய முகத்தில் அந்தப் பழைய கவனம். உதட்டோரத்தில் லேசான சிரிப்பு. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, அப்பா நடிக்கவில்லை என்று புரிந்ததும் பாதியில் விழுங்கிவிட்டான்.

"ஒரு வால்வு சரியா உக்காரல" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "பெல்ட்டும் தளர்ந்திருக்கு. சத்தத்துலயே தெரியுதே. இதுக்கு ஒரு பெட்டியா?"

எஞ்சினியர் அந்தப் பெட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தாள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் கிட்டே போய், "காதண்ணே..." என்றார். அப்பா திரும்பவில்லை. தலைவர் தோளைத் தொட்டார். அப்பா கண்ணைத் திறந்து, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாரான முகத்தோடு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி ஓடலண்ணே."

"என்னது?"

"வண்டி ஓடல."

அப்பா எஞ்சினைப் பார்த்தார். பெல்ட் அசையாமல் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, துணியால் நுனியிலிருந்து பிடி வரை துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். மேலாளர் தொண்டையைக் கனைத்து, "சரி, அப்போ..." என்று தொடங்கி, முடிக்காமலே மாடிப்படி பக்கம் போனார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாலத்தின் மேல் அப்பா நின்றார்.

"எப்போடா நின்னுச்சு?"

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்று, குரலை உயர்த்திச் சொன்னேன்: "ஆரம்பத்துலயேப்பா. பிடிக்கவே இல்ல." சொல்லி முடித்த பிறகுதான், இது அம்மா நிற்கிற இடம் என்று உறைத்தது.

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஓடிக்கிட்டேதான்டா இருந்துச்சு. எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. படுத்தாக்கூட நிக்க மாட்டேங்குது."

அத்தனை வருஷ அனுபவத்துக்குச் சம்பளம் கேட்டார். அந்த அனுபவம் தன் சம்பளத்தை அவர் காதிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போயிருந்தது. சுவர்ப் பத்திரிகைக்கு ஏற்ற வரிதான். எழுதவில்லை.

அப்பா உதவியாளர் ஆனார். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பணிமனையில் 'காது' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்களாம். அதற்குப் பதிலாக வேறு பெயர் வைத்துக் கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் திடீரென்று "ஐயா" என்கிறார்கள் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். எஞ்சினியர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். வாயால் எதுவும் சொல்லவில்லை. கையை வெளியே நீட்டி, எந்த அளவு ஸ்பேனர் வேண்டும் என்று விரல்களை மடக்கிக் காட்டினாள். அப்பா எடுத்து அந்தக் கையில் வைத்தார். அவள் வெளியே வந்து பெட்டியின் ஒயரைச் செருகினாள். திரையில் எழுத்து வந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தார்.

பிறகு, வண்டியைத் தவிர யாரிடமும் கேட்டறியாத மனிதர், அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "இதுல என்னம்மா போட்டிருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாயசைத்துச் சொன்னாள். டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே சாயங்கால வகுப்புப் புத்தகம். மூக்கில் புதுக்கண்ணாடி, அதன் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஒரு வரியின் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "எ... ரி... எரி... பொ..." சமையலறை வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். எதற்கென்று தெரியவில்லை, அவருக்குத்தான் கேட்காதே.

"என்னப்பா படிக்கிறீங்க?" என்றேன், பின்னாலிருந்தே, மெதுவாக.

அப்பா விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைத் திருப்பினார்.