நீல மையில் நான்கு கையொப்பங்கள்

எஃகு உருக்கிய உலைகள் அவிந்து, அவை நின்ற நிலத்தில் இன்று ஏரிநீர் அலையெறியும் டோர்ட்மண்டு மாநகரின்மேல், கார்த்திகைத் திங்களின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நனைந்த கம்பளிபோல் கவிந்து கிடந்தது. நிலக்கரி அள்ளிய சுரங்கங்களின் வாயில்களில், உருளை சுழலாது ஓய்ந்த இரும்புச் சாரங்கள், போர் முடிந்த செய்தி எட்டாத காவலரைப்போல் வானை வெறித்து நின்றன. மழை தூறலாய் இறங்க, நகரின் வடபுறத்தில் தமிழ் மன்றத்தின் செங்கற் கட்டடத்தின்முன் ஊர்திகள் வந்து நிற்பதும், ஆடவரும் மகளிரும் குடையை உதறி உள்ளே நுழைவதுமாய் இருந்தன. நுண்ணுணர்வு வாய்ந்த அன்பரே, நாமும் நுழைவோம். மூன்று மணிக்குக் கூடும் இந்த அவையில், ஐந்து அடிப்பதற்குள் ஒரு பள்ளி பிழைக்கும், அல்லது மாயும்.

அப்பள்ளியை நிறுவியவர் மெற்றா லிண்டகோர் என்னும் டென்மார்க்கு நாட்டு அம்மையார். தரங்கம்பாடியிலிருந்து முன்னாளில் கடல்கடந்து தம் நாட்டு நூலகத்தை அடைந்த ஓலைகளைப் பயிலவேண்டித் தமிழ் கற்றவர். ஓலையில் உறங்கிய அம்மொழி டோர்ட்மண்டின் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்கு விலை பேசக் கேட்ட நாள்முதல் இந்நகரை விட்டு அகலாதவர். யாழ்ப்பாணத்தார் பேச்சுக்கு இலக்கணம் வகுத்தார். மகளிர் தம் பெயரால் ஊதியம் பெறவும் தம் பெயரால் குடியுரிமை கேட்கவும் வேண்டுமென மேடைதோறும் முழங்கினார். இருபது ஆண்டுகட்குமுன், இந்தத் தமிழ் மன்றத்தின் மேல்மாடி அறையில் எட்டுப் பெண்களை அமர்த்தி ஜெர்மானியரின் இடாய்ச்சு மொழி வகுப்பைத் தொடங்கினார். அவ்வகுப்பில் மாறா நெறி ஒன்று உண்டு: எவருக்கு வந்த மடலையும் அம்மையார் படித்துச் சொல்லார். அழுதுகொண்டே வந்தாலும் அகரமுதலியைக் கையில் கொடுத்து, அருகே அமர்ந்து, காத்திருப்பார். "நான் வாசிச்சா அது என்ரை கடிதம். நீங்கள் வாசிச்சாத்தான் அது உங்கடை" என்பதே அவர் விடை. கல்நெஞ்சக்காரி என்று வைதவர்களே பின்னாளில் தம் மடலைத் தாமே படித்தார்கள்.

அந்த வகுப்பைத்தான் இன்று மூடப்போகிறார்கள். தக்சாயினி என்பாள் அங்கே எழுதக் கற்று, செவிலியர் பயிற்சிக்குத் தானே விண்ணப்பம் எழுதி, பீலெபெல்ட் நகரில் இடமும் பெற்றாள், கணவன் தடுத்தான், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொடர்வண்டி ஏறிவிட்டாள். உடனே எழுந்தது ஆடவர் கூக்குரல்: குடும்பத்தைக் கெடுத்தது வகுப்பே! ஒருத்தி வேலை கற்கப் போனால் வீடு இடியும் எனில், இடிந்தது வீடா, அன்றி அவள் தலையில் காலமெல்லாம் ஏற்றிவைத்த சுமையா? இக்கேள்வியை அங்கே கேட்பார் இல்லை. வகுப்பை மூடி, அவ்வறையைக் கேரம் பலகை விளையாட்டுக்கு ஒதுக்குவது என்று றெக்ஸ் என்பவர் முன்மொழிவு எழுதிக் கொடுத்திருந்தார். பூட்டை மாற்றும் தொழிலாளிக்கு ஐந்து மணிக்கு வரச் சொல்லியும் அனுப்பியாகிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் மொழித் தேர்வெழுத இருந்த பதினொரு பெண்கள், சுவரோரம், கூண்டிலடைத்த புறாக்களைப்போல் ஒட்டி அமர்ந்திருந்தனர்.

தலைவர் இருக்கையில் பரராசசிங்கம். அவையின் பின்னே தேநீர்க் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர் மனைவி நேசமலர். செவ்வாய்தோறும் அவள் மேல்மாடிக்குப் போவது அறையைக் கூட்டித் துடைக்கவே என்று தலைவர் நம்பியிருந்தார். கூட்டித் துடைத்தபின், ஈராண்டாய், கடைசி வரிசையில் அமர்ந்து அவளும் கற்றாள் என்பதை அவர் அறியார். மூன்று வாரத்துக்குமுன் அவள் அலமாரித் தூசு தட்டியபோது பழங்கோப்பு ஒன்று விழுந்து திறந்ததையும், அதன் அடியில் நீல மையில் அவள் கையொப்பமே அவளை நோக்கி விழித்ததையும் அறியார். திகைத்த நேசமலர் அத்தாளை அம்மையாரிடம் நீட்ட, அம்மையார் அதனை ஒருமுறை கண்ணோட்டி, நிறம் மாறி, வழக்கம்போல் அகரமுதலியையே எடுத்து நீட்டினார்.

அவை தொடங்கியது. அம்மையார் பேச எழுந்தார்.

"மெற்றா அக்கா, குறை நினையாதேங்கோ" என்றார் தலைவர். "நீங்கள் அங்கத்தவர் இல்லை. இருங்கோ."

ஆயிரம் மேடை கண்ட நா அடங்கி அமர்ந்தது.

"டென்மார்க்கிலை பொம்பிளையள் முடிஞ்சு போச்சினமோ, இஞ்சை வந்து எங்கடையளைக் கெடுக்கிறதுக்கு?" என்றார் றெக்ஸ். ஆடவர் பக்கம் சிரிப்பு அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த கமலநாயகி திரும்பிப் பார்த்தார். "றெக்ஸ் தம்பி, உம்மட வீட்டுக்கு வாற கடிதமெல்லாம் உம்மட மனுசிதான் வாசிக்கிறா. முதல் அதை நிப்பாட்டிப்போட்டு வந்து கதையும்."

இப்போது மகளிர் சிரித்தனர். றெக்சின் மனைவி சுஜீவா மட்டும் தலை கவிழ்ந்தாள். தலைவர் மேசையைத் தட்டினார்.

"போதும். வழமை போல வீட்டுக்கு ஒரு கை. மூடச் சொல்லுறவை தூக்குங்கோ."

ஆடவர் கைகள் எழத் தொடங்கிய அந்நொடியில் தட்டு ஒன்று மேசைமேல் வைக்கப்படும் ஒலி கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ."

"இஞ்சாரும், தேத்தண்ணியைக் குடுத்திட்டுப் போய் இரும்" என்றார் தலைவர்.

"குடுத்திட்டன். இப்ப வாசிக்கப் போறன்."

முந்தானையால் கை துடைத்து, பழந்தாளை விரித்து, நேசமலர் இடாய்ச்சு மொழியில் உரக்கப் படிக்கலானாள். பெட்டியோடு பெட்டி கோத்த தொடர்வண்டிபோல் நீண்டதொரு சொல்லில் அவள் நா தடுக்கி நின்றது. மீண்டும் முயன்றாள், மீண்டும் நின்றது. றெக்ஸ் மெல்ல இருமினார். நேசமலரின் கண்கள் அவை முழுதும் அலைந்து அம்மையாரிடம் சென்று பற்றின; அவையின் கண்களெல்லாம் அவற்றின் பின்னே சென்றன. அச்சொல் அம்மையாரின் நுனிநாவில் இருந்தது. உதிர்த்தால் அரைநொடி. அவரோ நாற்காலியின் கையை எலும்பு வெளிறப் பற்றி, இதழ் மடித்து, அசையாதிருந்தார். நேசமலர் கண்களை மூடினாள், அச்சொல்லைத் துண்டு துண்டாய்க் கழற்றினாள், துண்டு துண்டாய்ப் பூட்டினாள், சொன்னாள். சொல்லி முடித்து, எஞ்சிய வரிகளை ஆற்றொழுக்காய்ப் படித்தாள்.

"இது எங்கடை மன்றம் பதிஞ்ச பத்திரம். இந்த நாட்டிலை மன்றம் பதியிறதுக்கு ஏழு பேர் வேணும்" என்று தமிழில் தொடர்ந்தாள். "அண்டைக்கு இஞ்சை இருந்தது நீங்கள் மூண்டு ஆம்பிளையள். மற்றவையை அரசாங்கம் அகதி எண்டு சொல்லி அந்தந்த ஊர் எல்லையைத் தாண்ட விடேல்லை. அப்ப ஆர் கையெழுத்துப் போட்டது? நானும் கமலநாயகி அக்காவும். மற்ற ரெண்டு பேரிலை ஒராள் செத்துப் போனா, ஒராள் கனடாவுக்குப் போட்டா. நாங்கள் மன்றத்தைத் தொடங்கின ஆக்கள். ஆளுக்கொரு வாக்கு எண்டு இதிலை இருக்கு."

"உந்தத் தாளை எங்கை எடுத்தனீர்?" என்றார் தலைவர்.

"அலுமாரியிலை. நீங்கள்தான் அண்டைக்குச் சொன்னனீங்கள், வாசிக்கத் தேவையில்லை, கீழை போடும் எண்டு."

மன்றச் செயலர் துவாரகன் தாளை வாங்கி இருமுறை படித்தார். "ஓம், தலைவர் அண்ணை. சரிதான். ஒராளுக்காக இன்னொராள் கை தூக்க ஏலாது எண்டும் போட்டிருக்கு. பிறகு சேர்ந்த குடும்பங்களின்ரை படிவத்திலையும் மனுசிமாரின்ரை கையெழுத்து இருக்கு. எல்லாரும் அங்கத்தவர்தான்."

முதலில் மூடச் சொன்னோரை எண்ணினர்: இருபத்தாறு கைகள். அடுத்து, வேண்டாமென்போர். நேசமலர் கை உயர்ந்தது, தன்னந்தனியே நின்றது. பெண்கள் தத்தம் கணவர் முகத்தைப் பார்த்தனர். கணவர் தரையைப் பார்த்தனர். கமலநாயகியின் கை எழுந்தது. பிறகு, எவரும் எதிர்பாராத வகையில், சுஜீவாவின் கை. அதன்பின் மதகு திறந்த வெள்ளம்தான். ஆடவர் சிலரும் அதில் அள்ளுண்டனர். நாற்பத்தொன்று என்றார் செயலர்.

ஐந்து மணிக்குக் கருவிப் பெட்டியுடன் வந்த தொழிலாளியிடம், வேலை இல்லை என்று தலைவரே சொல்லி அனுப்பினார். மேல்மாடிச் சாவியை மேசைமேல் வைத்தார். மனைவியைப் பாராமல் வெளியேறினார். அவர் ஊர்தி மழைக்குள் தனியே மறைந்தது.

வாயிலில் அம்மையார், "வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

"வேண்டாம் அக்கா, ட்ராமிலை போறன்." நேசமலர் சற்றுத் தயங்கினாள். "அந்தச் சொல்லிலை தடக்குப்பட்டு நிண்டேக்கை, ஒரு வாய் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லியிருந்தா அது என்ரை வாக்காப் போயிருக்கும்" என்றார் அம்மையார்.

அன்பரே, ஏழு பேர் வேண்டியிருந்த நாளில் ஆடவர் மகளிரைச் சமமென எண்ணினர்; வேண்டாத மறுநாளே மறந்தனர். தாள் மறக்கவில்லை, ஆயினும் படிப்பார் இன்றி, முப்பது ஆண்டுக்கு மேலாய் அது இருளில் ஊமையாய்க் கிடந்தது. அதற்குக் குரல் கொடுத்தவள் இதோ மழையில் நனைந்து நிற்கிறாள். அவள் திரும்பும் இல்லத்தில் கதவு திறக்குமோ, திறந்தும் ஒரு சொல் பிறக்குமோ, யாமறியோம். ட்ராம் வருகிறது. அதன் நெற்றியில் ஒளிரும் ஊர்ப்பெயரை, எவரையும் கேளாமல் படித்து, அவள் ஏறுகிறாள்.