ரம்பத்துக்கு வைத்த பொட்டு

மெஷின் வந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. நன்றாக ஓடியது. மரத்தைத்தான் அறுக்கவில்லை.

இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் ரம்பம் பட்டையாகச் சுற்றும் மெஷின். எங்கள் மரவாடிக்கு அப்பா வாங்கியது. பாண்டியிலிருந்து வந்து அதைப் பூட்டியவர் ஐயப்பன். அடுத்த மாதம் எனக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம். எனக்கும் பிடித்திருந்தது. பூஜையின்போது ரம்பத்தின் பற்களுக்குப் பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவது பொட்டிலேயே கோளாறு எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் சொன்னால் நிச்சயம் நின்றாலும் நின்றுவிடும். நாலாவது பொட்டை வைத்தேன்.

வேப்பங்கட்டையைத் தள்ளினால் புகைதான் வந்தது.

“உப்பளத்து ஓரத்து மரம்ங்க. உள்ள பூரா உப்பு,” என்றார் ஐயப்பன்.

வேலையாள் பச்சமுத்து ஒரு சிராயை நக்கிப் பார்த்தார். “கசக்குதுபா.”

அப்பா பூசணிக்காய் உடைத்தார். எலுமிச்சை அறுத்தார். மெஷின் வந்த பிறகு மரவாடியில் அறுபட்டது அது ஒன்றுதான்.

சுனாமி வீடுகளுக்குக் கதவு நிலை அறுக்க, கூனிமேட்டிலிருந்து லாரியில் கட்டை கொண்டுவந்திருந்த ஷாஜகான் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். “பாண்டிக்கே ஏத்திக்கினு போயிடறேன். கோச்சுக்காதீங்க.”

“நீ சயின்ஸ் படிச்சவதானே, ஏதாச்சும் சொல்லேம்மா,” என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். தெரிந்ததைச் சொல்ல வரவில்லை. படித்ததைச் சொன்னேன்.

“இந்த மாதிரி ரம்பத்துக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கிட்டாங்கப்பா. ஆனா சுத்தும்போது பட்டை அறுந்துடும். அறுந்து போவாத பட்டை வர்றதுக்கு இன்னும் நாப்பது வருஷம் கிட்ட ஆச்சு.”

அப்பாவின் முகம் தெளிந்தது. “கேட்டீங்களா பாய்? வெள்ளைக்காரனுக்கே நாப்பது வருஷம். நம்மள்து நேத்துதான் வந்துது.”

“எனக்கு அவ்ளோ ஆயுசு இல்லீங்க.” பாய் டிரைவரைக் கூப்பிட்டார்.

ஐயப்பன் கட்டையைப் புரட்டி மறுபடியும் தள்ளினார். மறுபடியும் புகை. சட்டையெல்லாம் கரி. காது சிவந்திருந்தது. லாரி ஸ்டார்ட் ஆனது. அப்பா இன்னொரு பூசணிக்காயோடு ஓடிவந்தார்.

நான் சுவிட்சை அணைத்தேன். சக்கரம் மெல்ல நின்றது. இவ்வளவு ஓட்டத்துக்கும் தப்பி, ஒரு பல்லில் மட்டும் என் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். அதுவரை நான் ஐயப்பனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“கீழ பாக்க வேண்டிய பல்லு மேல பாத்து இருக்குதுங்க,” என்றேன். “பட்டையைத் தலைகீழா மாட்டிட்டீங்க.”